கூழாங்கல்லின் வரவு செலவு

பூகோளம் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கு என்ன ஞாபகம் வருகிறது? சுவரில் தொங்கும் தேசப்படம், அதன் மேல் ஓடும் ஆசிரியையின் பிரம்பு, மலைகளின் உயரம், நதிகளின் நீளம், தலைநகரங்களின் பட்டியல். இவ்வளவுதான்! பரீட்சை முடிந்த மறுநாளே நதிகள் வற்றிப் போகும். மலைகள் மறைந்து போகும். தலைநகரங்களுக்கும் நமக்கும் இருந்த உறவு அற்றுப் போகும்.

ஆகவே, இங்கிலாந்தில் குடியிருக்கும் என் தங்கையின் பெண் மேல் வகுப்பில் பூகோளத்தை எடுத்துக்கொண்டாள் என்றதும் எங்கள் உறவினர் வட்டாரத்தில் ஏற்பட்ட கலக்கத்தை நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம். "ரசாயனம் படித்தால் டாக்டராகலாம், கணக்குப் படித்தால் இஞ்சினீயராகலாம், பூகோளம் படித்தால் என்ன ஆகலாம்?" என்று டெலிபோனில் கேட்காத அத்தையும் இல்லை, மாமாவும் இல்லை.

அந்தப் பெண் சளைக்கவில்லை. நான் அங்கே போயிருந்தபோது, "பெரியம்மா! என்னோடு ஸ்லாப்டனுக்கு வாருங்கள். எனக்குக் கம்பு பிடிக்க ஓர் ஆள் வேண்டும்" என்றாள். சீமைக்குப் போய்க் கம்பு பிடிக்கும் பாக்கியம் எல்லாருக்கும் கிடைத்துவிடுமா? உடனே புறப்பட்டு விட்டேன். என் தங்கை காரை ஓட்டினாள்.

வகுப்புக்கு வெளியே பாடம்

போகிற வழியில் அந்தப் படிப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பதினாறு வயதில் ஒரு பொதுப் பரீட்சை முடிந்த பிறகு, அங்கே மாணவர்கள் இரண்டு வருஷம் 'ஏ லெவல்' என்ற மேல்நிலைப் படிப்புப் படிக்கிறார்கள். 1951-இல் தொடங்கிய ஏற்பாடு இது. நம் ஊர்ப் பிளஸ் டூவுக்குச் சமானம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் பெரும்பாலோர் மூன்றே மூன்று பாடங்களைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். "மூன்றுதானா? சுகவாசிகள்!" என்று எண்ணிவிடாதீர்கள். அந்த மூன்றிலும் அடிவரைக்கும் போய் மண் எடுத்து வரச் சொல்லுகிறார்கள்.

பூகோள விஷயத்தில் இது வெறும் பேச்சு அல்ல. நிஜமாகவே மண்ணில் இறங்கியாக வேண்டும். 2016-இல் புதுப்பித்த பாடத்திட்டத்தின்படி, ஒவ்வொரு மாணவரும் குறைந்தது நான்கு நாள் வகுப்பறைக்கு வெளியே போய் ஆராய வேண்டும். அது மட்டுமல்ல, தாமே ஒரு கேள்வியைத் தேர்ந்துகொண்டு, தாமே அளந்து, தாமே விசாரித்து, மூவாயிரம் நாலாயிரம் வார்த்தையில் ஓர் அறிக்கை எழுத வேண்டும். மொத்த மார்க்கில் நூற்றுக்கு இருபது அதற்கு! கடல் பாடம் கடற்கரையில், ஆற்றுப் பாடம் ஆற்றங்கரையில், ஊர்ப் பாடம் கடைத்தெருவில். இதுதான் ஏற்பாடு.

அப்படிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும் இடங்களில் ஒன்றுதான் ஸ்லாப்டன். இங்கிலாந்தின் தென்மேற்கே, டெவன் மாவட்டத்தின் தென்கோடியில், ஸ்டார்ட் விரிகுடாவின் கரையில் இருக்கும் சின்னஞ்சிறு கிராமம். இங்கே வெளிக்கள ஆராய்ச்சிக்கென்றே 1959-இல் ஒரு நிலையம் ஏற்பட்டது. எங்கள் பெண்ணும் பள்ளிக்கூடத்துத் தோழிகளுடன் முன்பே அங்கே வந்து போனவள்தான். இப்போது தன் சொந்த அறிக்கைக்காக எங்களை இழுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

இரண்டு நீருக்கு நடுவே ஒரு கோடு

குன்றிலிருந்து கார் இறங்கித் திரும்பியதும் கண்ணில் பட்ட காட்சியை என்னவென்று சொல்வது! இடது பக்கம் சமுத்திரம். வலது பக்கம் நாணல் சூழ்ந்த நல்ல தண்ணீர் ஏரி. இரண்டுக்கும் நடுவே, வகிடு எடுத்த மாதிரி நீண்டு கிடக்கிறது கூழாங்கல் மேடு. அந்த மேட்டின் மேலேயே பாதை! ஒரு பக்கம் அலை இரைகிறது. மறு பக்கம் நீர்க்கோழிகள் நிம்மதியாக மிதக்கின்றன. உப்புக்கும் நல்ல தண்ணீருக்கும் இடையே காவல் அந்தக் கற்கள்தான். ஸ்லாப்டன் லே என்று பெயர் பெற்ற அந்த ஏரி இரண்டரைக் கிலோமீட்டர் நீளம். தென்மேற்கு இங்கிலாந்தில் இயற்கையாக அமைந்த நன்னீர் ஏரிகளுக்குள் இதுவே பெரியது.

கரையில் மணல் என்று பேருக்குத்தான். பட்டாணி அளவிலிருந்து எலுமிச்சம்பழ அளவு வரை எங்கே பார்த்தாலும் கூழாங்கற்கள். காலை வைத்தால் 'கரக், கரக்' என்று சரிகின்றன. என் கையில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட ஒரு கம்பைக் கொடுத்தாள் பெண். அலை விளிம்பில் நான் ஒரு கம்புடன் நிற்க, சரிவு மாறும் இடத்தில் அவள் இன்னொரு கம்புடன் நின்று, சாய்வு அளக்கும் கருவியைக் கண்ணில் வைத்துப் பார்த்துக் குறித்துக்கொண்டாள். பிறகு அடுத்த சரிவு. இப்படியே மேட்டின் உச்சி வரை ஏறினோம். கடற்கரையின் உடல்வாகு முழுவதும் காகிதத்தில் வந்துவிட்டது.

அடுத்தது கல் அளக்கும் படலம். கையைக் கீழே விட்டு, விரல் முதலில் தொட்ட கல்லை எடுக்க வேண்டும். நாம் கத்தரிக்காய் பொறுக்குவது போல் நல்லதாகப் பார்த்து எடுத்தால் கணக்கே கெட்டுவிடுமாம்! எடுத்த கல்லின் நீளம், அகலம், கனம் எல்லாவற்றையும் காலிப்பர் என்ற இடுக்கியால் அளந்து, எவ்வளவு உருண்டை என்று ஒரு படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, நோட்டில் எழுதி, கல்லைத் திரும்பக் கரையிலேயே போட்டாள்.

என் தங்கைக்கு ஒரு கல்லின் மேல் மோகம் பிறந்துவிட்டது. வழவழவென்று, குங்குமச் சிமிழ் போல் இருந்தது. பூந்தொட்டியில் வைக்கலாம் என்று கைப்பையைத் திறந்தாள்.

"கூடாது, அம்மா! போட்டுவிடு" என்றாள் பெண்.

"ஒரே ஒரு கல்தானேடி! கோடிக் கணக்கில் கிடக்கிறதே!"

"கோடிக் கணக்கில் கிடக்கிறது என்றுதான் எல்லோரும் எடுத்தார்கள். அந்தக் கதையைக் கேட்டுவிட்டு அப்புறம் சொல்" என்றாள் அவள்.

முதல் உண்டு, வருமானம் இல்லை

கடற்கரைக்கும் குடும்பத்தைப் போலவே வரவு செலவு உண்டு. இது என் கற்பனை அல்ல. 'வண்டல் வரவு செலவு' என்றே பாடப் புத்தகத்தில் ஓர் அத்தியாயம் இருக்கிறது. ஆறு கொண்டுவரும் மணலும், பாறை இடிந்து விழும் கல்லும் வரவு. புயல் வாரிக்கொண்டு போவது செலவு. அலை சாய்வாக வந்து மோதும்போது கற்களைக் கரையோடு கரையாக நகர்த்திக்கொண்டே போகிறது. ஓரிடத்தின் செலவு அடுத்த இடத்தின் வரவு ஆகிறது. இரண்டும் சரிக்குச் சரியாக இருக்கும் வரையில் கரைக்கு ஆபத்து இல்லை.

ஸ்டார்ட் விரிகுடாவின் சமாசாரம் வேறு. இங்குள்ள கற்களில் பெரும்பகுதி சக்கிமுக்கிக் கல். ஆனால் இந்தக் கரையை ஒட்டி நிற்கும் பாறைகளில் சக்கிமுக்கிக் கல் கிடையாது! அப்படியானால் இவை எங்கிருந்து வந்தன? பனியுகம் முடிந்து கடல் மட்டம் உயர்ந்த காலத்தில், அன்று வெளியே கிடந்த கடலடித் தரையிலிருந்து அலைகள் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டிக்கொண்டு வந்து சேர்த்தவை இவை. பல்லாயிரம் வருஷத்துச் சேமிப்பு. இப்போது புதிதாக வரவு இல்லை. ஓடிவந்து கொட்டும் பெரிய ஆறு இல்லை. கடினமான பாறைகள் சுலபத்தில் இடிவதும் இல்லை. பாட்டன் வைத்துவிட்டுப் போன முதல் இருக்கிறது. மாத வருமானம் மட்டும் இல்லை. அந்த வீட்டில் முதலில் கை வைத்தால் என்ன ஆகும் என்பது குடும்பம் நடத்தும் பெண்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

காலி செய்த கிராமங்கள்

ஏரியின் தென் கோடியில் டார்க்ராஸ் என்ற சிற்றூர். அங்கே கறுப்பு வண்ணம் பூசிய ஒரு ராணுவ டாங்கி நிற்கிறது. 1984-இல் கடலுக்கடியிலிருந்து இழுத்து வந்தது அது. 1943-ஆம் ஆண்டின் கடைசியில், அமெரிக்கப் படை இந்தக் கரையில் இறங்கும் பயிற்சி செய்வதற்காக, சுற்று வட்டாரத்துக் கிராமங்களிலிருந்து சுமார் மூவாயிரம் பேரை வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். கிறிஸ்துமஸ் பண்டிகை நெருங்கும் வேளையில், ஆடு மாடு, தட்டு முட்டுச் சாமான்களோடு அவர்கள் வெளியேறினார்கள். 1944 ஏப்ரல் 28 அன்று பயிற்சிக்காக வந்துகொண்டிருந்த கப்பல்களை ஜெர்மானிய விசைப் படகுகள் தாக்கின. 749 அமெரிக்க வீரர்கள் மாண்டார்கள்.

"இது சரித்திரம் அல்லவா? பூகோளத்தில் ஏன் வருகிறது?" என்று கேட்டேன்.

"ஓர் இடம் என்றால் அங்குள்ள கல்லும் மண்ணும் மட்டுமா, பெரியம்மா? அங்கே வாழ்ந்தவர்களுக்கு அது என்னவாக இருந்தது, வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு என்னவாகத் தெரிகிறது என்பதும் எங்களுக்குப் பாடம்தான்" என்றாள் பெண்.

வெளியிலிருந்து வந்தவர்கள் என்ன பார்த்தார்கள், உள்ளே வாழ்ந்தவர்கள் என்ன பார்த்தார்கள் என்ற வித்தியாசம், இன்னும் சற்றுத் தெற்கே போனதும் முகத்தில் அறைந்த மாதிரி விளங்கிவிட்டது.

ஹால்ஸாண்ட்ஸ்

டார்க்ராஸைத் தாண்டிக் குன்றின் மேல் ஒற்றையடிப் பாதை போகிறது. பீஸாண்ட்ஸ் என்ற செம்படவர் கிராமம் வருகிறது. அதையும் தாண்டி நடந்தால், தூரத்தில் ஸ்டார்ட் முனையின் கலங்கரை விளக்கம் வெள்ளை வெளேரென்று தெரிகிறது. அங்கே பாறைக்குக் கீழே எட்டிப் பார்த்தால், மேற்கூரை இல்லாத சுவர்கள், பாதி நிற்கும் புகைபோக்கி, எங்கும் போய்ச் சேராத வாசற்படி. பழைய ஹால்ஸாண்ட்ஸில் மிஞ்சியது அவ்வளவுதான்.

1891-இல் அது ஓர் ஊர். 37 வீடுகள், 159 ஜனங்கள், ஓர் ஊற்று, 'லண்டன் இன்' என்று ஒரு மதுக்கடை. பாறையின் அடியில் மேடை போல் அமைந்த இடத்தில் வீடுகள். வீட்டுக்கு முன்னால் அகலமான கூழாங்கல் கரை. ஆண்கள் நண்டு பிடித்தார்கள். கரையில்தான் படகு ஏறும், வலை காயும். அந்தக் கற்கள்தான் ஊரின் முற்றம். புயலடித்தால் அலையின் வேகத்தையெல்லாம் வாங்கிக்கொண்டு வீட்டைக் காப்பாற்றும் கோட்டைச் சுவரும் அவையே.

அந்தச் சமயத்தில் பிளிமத் பக்கத்தில் உள்ள கீயம் என்ற இடத்தில் கப்பற்படைத் துறைமுகத்தை விஸ்தரிக்க அரசாங்கம் தீர்மானித்தது. காங்கிரீட்டுக்குக் கல்லும் மணலும் வேண்டுமே! கண்டிராக்டர் சர் ஜான் ஜாக்ஸன் ஸ்டார்ட் விரிகுடாவைக் கண்டார். அள்ள அள்ளக் குறையாத கூழாங்கல். 1897-இல் லைசென்ஸ் கிடைத்தது. தூர்வாரும் கப்பல்கள் வந்து நின்றன. ஒரு நாளைக்கு 1,600 டன் வரை அள்ளினார்கள்!

ஊர் ஜனங்கள் பதறினார்கள். "எங்கள் கரை போய்விடும், கரை போனால் வீடு போய்விடும்" என்று முறையிட்டார்கள். அதிகாரிகள் விசாரணை நடத்தினார்கள். "கிராமத்துக்குப் பெரிய அபாயம் எதுவும் வராது" என்று தீர்ப்பாயிற்று. எடுத்த கல்லைக் கடல் திரும்பக் கொண்டுவந்து நிரப்பிவிடும் என்ற நம்பிக்கை! தினந்தோறும் அந்தக் கரையில் கால் வைத்து நடந்தவர்களின் பேச்சு எடுபடவில்லை.

கடல் நிரப்பவில்லை. எதைக் கொண்டு நிரப்பும்? வரவுதான் இல்லையே! கடற்கரை இறங்கிக்கொண்டே போயிற்று. 1900-ஆம் ஆண்டு இலையுதிர் காலப் புயலில் தடுப்புச் சுவரின் ஒரு பகுதி அடித்துக்கொண்டு போயிற்று. வீடுகளில் சேதம், பாதையில் பள்ளம். மனு மேல் மனுவாகப் போட்ட பிறகு, 1901 செப்டம்பரில் வேறோர் அதிகாரி வந்து பார்த்து, தோண்டுவதை நிறுத்த வேண்டும் என்று எழுதினார். 1902 ஜனவரி 8 அன்று லைசென்ஸ் ரத்தாயிற்று. அதற்குள் சுமார் ஆறரை லட்சம் டன் போய்விட்டது.

அப்புறம் சுவர் எழுப்பினார்கள். சில வருஷம் ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. 1917 ஜனவரி 26. கிழக்கிலிருந்து பெருங்காற்று, அதே வேளையில் வழக்கத்துக்கு மீறிய கடல் ஏற்றம். முன்பு அலைகளைத் தாங்கிய கரை இல்லாததால் அவை நேரே வீடுகளின் மேல் வந்து விழுந்தன. ஜனங்கள் குழந்தைகளையும் கிழவர்களையும் பிடித்துக்கொண்டு பாறைமேல் ஏறித் தப்பினார்கள். தெய்வாதீனமாக ஓர் உயிர்கூடப் போகவில்லை. ஆனால் ஊர் போய்விட்டது. குடியிருக்கத் தக்கதாக மிஞ்சியது ஒரே வீடு. நஷ்ட ஈட்டுக்காக அந்த ஜனங்கள் ஏழு வருஷம் போராட வேண்டியிருந்தது.

இரண்டு பெண்மணிகள்

அந்த ஊர்ப் பெண்கள் இருவரைப் பற்றிச் சொல்லாமல் வந்துவிட்டால் இந்தப் பிரயாணம் பூர்த்தியாகாது.

ஒருத்தி எல்லா டிரௌட். தந்தை நோயில் விழுந்ததால், சிறு வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, அக்காள் பேஷன்ஸோடு கடலுக்குப் போய்க் குடும்பத்தைக் காப்பாற்றியவள். ஊர் அழிந்த அதே 1917-ஆம் வருஷம், செப்டம்பர் மாதத்தில், பத்து வயதுப் பையனான ஒரு சொந்தக்காரனுடன் மீன் பிடித்துக்கொண்டிருந்தாள். ஸ்டார்ட் முனைக்கு அப்பால் ஒரு கப்பல் கண்ணி வெடியில் சிக்கியதைப் பார்த்தாள். துடுப்பை வலித்துக்கொண்டு நேரே அங்கேதான் போனாள்! வேறொரு செம்படவரும் வந்து சேர்ந்துகொள்ள, ஒன்பது பேர் உயிர் தப்பினார்கள். இங்கிலாந்து அரசாங்கம் அவளுக்கு ஓ.பி.இ. விருது கொடுத்தது. பிற்காலத்தில் அக்காளும் தங்கையும் குன்றின்மேல் ஒரு ஹோட்டல் கட்டினார்கள். 1959 வரை அது நடந்தது. கடல் வீட்டைப் பறித்தால் என்ன, மேலே ஏறி இன்னொன்று கட்டுவோம் என்ற மனோதைரியம்!

இன்னொருத்தி எலிஸபெத் பிரெட்டிஜான். மற்றவர்கள் எல்லாரும் போன பிறகும், மிஞ்சிய அந்த ஒரே வீட்டில், கோழிகளை வளர்த்துக்கொண்டு தன்னந்தனியாக இருந்தாள். 1964-இல் காலமாகும் வரையில் அங்கேதான் வாசம். பாழடைந்த ஊரைப் பார்க்க வந்தவர்களுக்கு நடந்த கதையைச் சொல்வாளாம். முகவரியில் ஊர் என்று எழுத ஓர் ஊர் இல்லாமல் போன பிறகும், அவள் இருந்ததனால் அது ஊராக இருந்தது.

கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தபடி நின்றோம். என் தங்கை வெகு நேரம் பேசவே இல்லை.

இன்றைய கேள்வி

பழங்கதை என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஸ்லாப்டன் மேட்டின் மேல் பார்த்தோமே ஒரு பாதை, அதைக் கடல் 2001-இல் உடைத்தது. கொஞ்சம் உள்ளே தள்ளிப் போட்டார்கள். 2018 மார்ச்சில் புயல் மறுபடியும் உடைத்தது, மறுபடியும் போட்டார்கள். கூழாங்கல் மேடு தானாகவே மெள்ள மெள்ள நிலத்தை நோக்கி நகரும் சுபாவமுடையது. பாதைக்காக அதைப் பிடித்து நிறுத்துவதா? பாதையை விட்டுக்கொடுப்பதா? விட்டுக்கொடுத்தால் டார்க்ராஸ்காரர்கள் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்துக்கு எப்படி அனுப்புவார்கள்? கடைக்காரர் பிழைப்பு என்ன? பிடித்து நிறுத்தினால் செலவு யாருடையது? ஏரியின் கதி என்ன?

எங்கள் பெண் படிக்கும் பூகோளத்தில் இப்படித்தான் கேள்வி கேட்கிறார்கள். சாய்வும் அளக்கத் தெரிய வேண்டும். கடைக்காரரிடம் உட்கார்ந்து பேசவும் தெரிய வேண்டும். லாபம் யாருக்கு, நஷ்டம் யாருக்கு என்று இரண்டு பத்தியில் எழுதிக் காட்டிய பிறகுதான் தன் அபிப்பிராயத்தைச் சொல்லலாம். இதைப் படித்து என்ன ஆகலாம் என்றால், நகர நிர்மாணம், வெள்ளத் தடுப்பு, கடற்கரைப் பாதுகாப்பு என்று உத்தியோகங்கள் இருக்கத்தான் இருக்கின்றன. ஆனால் எனக்கு ஹால்ஸாண்ட்ஸில் தோன்றியது வேறு.

இந்தக் கல் எங்கிருந்து வந்தது? எடுத்தால் திரும்பி வருமா? வராவிட்டால் யாருடைய வீடு போகும்? இந்த மூன்று கேள்விகளையும் 1897-இல் கேட்டவர்கள் நண்டு பிடிக்கும் ஜனங்கள்தான். அவர்களிடம் கேள்வி இருந்தது. அதை எண்ணிக்கையும் படமுமாக எழுதி மேஜைமேல் வைக்கும் வித்தை இல்லை. விசாரணை செய்தவர்களிடம் மேஜை இருந்தது, கேள்வி இல்லை. இரண்டையும் ஒரே கையில் கொண்டுவந்து சேர்க்கிற படிப்பு, பெண்ணுக்கானாலும் பிள்ளைக்கானாலும், வீணான படிப்பாக இருக்க முடியாது.

அந்தக் குங்குமச் சிமிழ்க் கல் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? திரும்பும் வழியில், யாரும் சொல்லாமலே, என் தங்கை காரை நிறுத்தி இறங்கினாள். கைப்பையைத் திறந்து, அதைக் கரையில் வைத்துவிட்டு வந்தாள். ஆறரை லட்சம் டன்னில் ஒரு கல் வரவு!